மாத்திரையும் வாழைப்பழமும்: கேளிக்கைப் பூங்காவில் பாடம் எங்கே இருக்க வேண்டும்?

சின்ன வயதில் எனக்குக் காய்ச்சல் வந்தால் பாட்டி மாத்திரையை வாழைப்பழத்துக்குள் செருகித் தருவார். நான் பழத்தை மென்று விழுங்கிவிட்டு மாத்திரையை மட்டும் நாக்கால் ஒதுக்கித் துப்பிவிடுவேன். உங்கள் வீட்டிலும் இது நடந்திருக்கும். பழம் எது, மருந்து எது என்று ஐந்து வயதுப் பிள்ளையின் நாக்குக்கு நன்றாகவே தெரியும்.

'விளையாடிக்கொண்டே கற்கலாம்' என்று வாசலில் எழுதி வைத்திருக்கும் பல இடங்களில் பிள்ளைகள் இதையேதான் செய்கிறார்கள். சவாரியை விழுங்கிவிட்டு, பாடத்தைத் துப்பிவிட்டு, சிரித்துக்கொண்டே வெளியே வருகிறார்கள்.

நான் பினாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். சுற்றுலாவுக்கு வீட்டுக்குக் கடிதம் அனுப்பும் ஒவ்வொரு முறையும் ஒரு பெற்றோராவது கேட்டுவிடுவார்: "டீச்சர், இது படிப்புக்கா, இல்ல சும்மா சுத்திப் பார்க்கவா?" நியாயமான கேள்வி. நுழைவுச்சீட்டு, பேருந்து, சாப்பாடு எல்லாம் சேர்த்தால் சில வீடுகளுக்கு அது ஒரு வாரத்து மளிகைச் செலவு. இந்த விஷயத்தை இதுவரை யோசித்தே பார்க்காதவர்களுக்கும் புரிகிற மாதிரி, எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு பெயர். கல்வியையும் கேளிக்கையையும் சேர்த்துச் செய்யும் இந்த முயற்சியை ஆங்கிலத்தில் எடுடெயின்மென்ட் என்பார்கள். கோலாலம்பூரின் சுரியா கேஎல்சிசி பேரங்காடியில் 1999ல் திறந்த பெட்ரோசைன்ஸ் அறிவியல் மையம், பினாங்கின் கொம்தார் கட்டடத்தில் உள்ள டெக் டோம் அறிவியல் மையம், இங்கேயே தெலுக் பஹாங்கின் பட்டாம்பூச்சிப் பண்ணையாக 1986ல் தொடங்கி 2016ல் புதிதாக எழுந்த என்டோபியா, பெட்டாலிங் ஜெயாவின் கிட்ஸானியா எல்லாமே ஏதோ ஒரு வகையில் இந்தக் குடும்பம்தான். இவற்றை அமைப்பவர்கள் முன்னால் எப்போதும் ஒரே கேள்வி நிற்கும்: எவ்வளவு பாடம், எவ்வளவு விளையாட்டு? பாதிக்குப் பாதியா, முப்பதுக்கு எழுபதா?

இப்படி அளந்து பார்ப்பதிலேயே பிசகு ஆரம்பிக்கிறது என்று நான் நினைக்கிறேன். பழம் பாதி, மாத்திரை பாதி என்று எந்த அளவில் கலந்தாலும் இரண்டும் தனித்தனியாக இருக்கும்வரை நாக்கு பிரித்துவிடும்.

கொடிமலை ரயில் சொல்லிக்கொடுத்தது

இதை நான் புரிந்துகொண்டது எந்த அறிவியல் மையத்திலும் இல்லை, பினாங்கில் நம் கொடிமலை ஏறும் ரயிலில். 1923ல் ஓடத் தொடங்கிய பாதை அது. முன்பு நடுவில் இறங்கி வண்டி மாற வேண்டும்; 2010, 2011 வாக்கில் நடந்த புதுப்பிப்புக்குப் பிறகு அடிவாரத்திலிருந்து உச்சிக்கு ஒரே வண்டியில் போய்விடலாம். இதைக் கேளிக்கைப் பூங்கா என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் முன்கண்ணாடி அருகே நிற்க இடம் கிடைத்த பிள்ளையின் முகத்தைப் பாருங்கள், எந்த ராட்டினத்திலும் அந்தக் களை வராது.

ஒரு வருடம் நான்காம் ஆண்டு மாணவர்களோடு ஏறினேன். பாதி தூரத்தில் தண்டவாளம் இரண்டாகப் பிரிய, மேலிருந்து இன்னொரு வண்டி வந்து எங்களை உரசுவது போலக் கடந்து போனது. பிள்ளைகள் கத்தினார்கள், கையசைத்தார்கள். இறங்கி வரும்போதும் அதே இடத்தில் மறுபடியும் ஒரு வண்டி. அப்போது ஒரு பையன் என் கையைப் பிடித்து இழுத்துக் கேட்டான்: "டீச்சர், அது எப்பவும் சரியா நடுவுலதான் வருமா?" நான் பதில் சொல்லவில்லை. அவன் கொஞ்ச நேரம் கேபிளையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம், "அப்ப கீழ போற வண்டிதான் மேல போற வண்டியை இழுக்குதா?" என்றான்.

அதேதான். இரண்டு வண்டிகளும் உச்சியில் இருக்கும் சக்கரத்தைச் சுற்றி வரும் ஒரே கேபிளின் இரு முனைகள். ஒன்று இறங்கும் எடை இன்னொன்று ஏற உதவுகிறது, மோட்டார் இரண்டுக்கும் உள்ள எடை வித்தியாசத்தையும் உராய்வையும் சமாளித்தால் போதும். கேபிளின் நீளம் மாறாததால் எப்போதும் நடுவில்தான் சந்தித்தாக வேண்டும். கிணற்றில் இரண்டு வாளி கட்டி இறைப்பது போல. எந்தப் பலகையும் அவனுக்கு இதைச் சொல்லவில்லை. அவன் உடம்பு அந்த எடையில் ஒரு பகுதியாக இருந்தது, அதனால் கேள்வி தானாக வந்தது.

அன்றிலிருந்து எந்த இடத்துக்குப் போனாலும் ஒரு சோதனை செய்து பார்க்கிறேன். தமிழ் இலக்கண வகுப்பு மாதிரி எளிது: வினைச்சொல்லைத் தேடுங்கள். பிள்ளை அங்கே என்ன செய்கிறது? பாடம் எந்தச் செயலைப் பற்றியது? இரண்டு வினைச்சொல்லும் ஒன்றாக இருந்தால் பாடம் உள்ளே போகும். வேறு வேறாக இருந்தால் வாழைப்பழமும் மாத்திரையும்.

ஒரு பேரங்காடியில் பார்த்த விளையாட்டு ஒன்று. திரையில் கோள்கள் பறக்கும், பிள்ளை லேசர் துப்பாக்கியால் சுட வேண்டும், சரியான கோளைச் சுட்டால் புள்ளி. பிள்ளையின் வினை சுடுதல், பாடத்தின் வினை சுற்றுதல். கோள்களை எடுத்துவிட்டு அங்கே காய்கறிகளைப் போட்டாலும் விளையாட்டில் ஒரு குறையும் வராது, அதே குதூகலம்தான் இருக்கும். அப்படியென்றால் கோள்கள் அங்கே வெறும் ஒட்டுப்படம். பாடத்தை எடுத்தால் விளையாட்டு சரிந்துவிழ வேண்டும், அதுதான் நல்ல அமைப்பின் அடையாளம்.

கிட்ஸானியாவைப் பாருங்கள். 1999ல் மெக்சிகோ நகரில் தொடங்கி, 2012ல் நம் பக்கம் வந்தது. அங்கே பிள்ளைகளுக்கென்று தனிப் பணம் உண்டு, கிட்சோஸ் என்று பெயர். தீயணைப்பு வீரராகவோ ரொட்டி சுடுபவராகவோ வேலை பார்த்தால் சம்பளம் வரும், சில விஷயங்களுக்குச் செலவழிக்க வேண்டும், வங்கியில் போட்டும் வைக்கலாம். பணம் தீர்ந்துபோன பிள்ளை, தான் ஆசைப்பட்ட ஒன்றைச் செய்ய முதலில் வேலைக்குப் போக வேண்டும். சம்பாதித்தல், செலவழித்தல், சேமித்தல் என்ற பாடத்தின் வினைகளைப் பிள்ளை அப்படியே செய்கிறது. அங்குள்ள கடைகள் பெரிய நிறுவனங்களின் பெயர்ப்பலகையோடு நிற்பது எனக்கு உறுத்தும், விளம்பரமும் சேர்ந்துதான் உள்ளே போகிறது. ஆனாலும் வினைச்சொல் சோதனையில் அது தேறிவிடும்.

நான் கேள்விப்பட்டதிலேயே என் மனதுக்குப் பிடித்தது ஒரு குப்பைத்தொட்டி. நெதர்லாந்தில் எஃப்டெலிங் என்ற தேவதைக்கதைப் பூங்காவில் 1959 முதல் இருக்கிறது. எவ்வளவு தின்றாலும் பசி அடங்காத ஒரு குண்டுக் கதாபாத்திரத்தின் உருவம், வாயைத் திறந்தபடி "காகிதம் இங்கே" என்று கூப்பிடும். கிட்டே காகிதத்தைக் கொண்டுபோனால் உறிஞ்சிக்கொண்டு நன்றி சொல்லும். குப்பையைத் தொட்டியில் போடச் சொல்லும் பாடத்தில், குப்பையைத் தொட்டியில் போடுவதே விளையாட்டு. இன்னொரு தடவை ஊட்டுவதற்காகப் பிள்ளைகள் தரையில் கிடக்கும் காகிதத்தைத் தேடி எடுத்து வருவார்களாம். நம் இரவுச்சந்தைகளில் இப்படி ஒன்றை வைத்தால் என்ன என்று அடிக்கடி நினைப்பேன்.

இயற்பியலுக்கு அதிர்ஷ்டம்

இந்த விஷயத்தில் இயற்பியல் அதிர்ஷ்டக்காரப் பாடம். ராட்டினம், சறுக்கு, ஊஞ்சல் எல்லாம் ஏற்கெனவே இயற்பியல்தான், யாரும் எதையும் ஒட்ட வேண்டியதில்லை. தெலுக் பஹாங்கின் எஸ்கேப் பூங்காவில் 2019ல் உலகின் மிக நீளமானது என்று கின்னஸ் பதிவு பெற்ற நீர்ச்சறுக்குக்குழாய் 1,111 மீட்டர். வழுக்கி முடிக்க ஏறத்தாழ 4 நிமிடம். வகுத்துப் பாருங்கள், சராசரி வேகம் மணிக்கு 17 கிலோமீட்டருக்குள்தான், மிதிவண்டி வேகம். ஆனால் உள்ளே இருக்கும்போது பறப்பது போல இருக்கும். ஏன் அப்படித் தோன்றுகிறது என்று வீட்டுக்குப் போகும் வழியில் கேட்டுப் பாருங்கள், வளைவுகள், முகத்துக்குப் பக்கத்திலேயே ஓடும் சுவர், தண்ணீரின் சத்தம் என்று பிள்ளைகளே ஒவ்வொன்றாகக் கண்டுபிடிப்பார்கள்.

தலைகீழாகச் சுற்றும் ரோலர்கோஸ்டரின் வளையம் ஏன் சரியான வட்டமாக இல்லாமல் நீர்த்துளி மாதிரி இருக்கிறது என்பதும் இந்த வகை. 1895ல் அமெரிக்காவின் கோனி ஐலண்டில் முழு வட்டமாக ஒன்று கட்டினார்கள், ஏறியவர்களுக்குக் கழுத்து வலி வந்தது. வேகமாக வரும் வண்டி வட்டத்தின் அடியில் நுழையும்போது உடல் திடீரென்று பல மடங்கு கனத்துப்போகும். 1976ல் கலிபோர்னியாவில் வெர்னர் ஸ்டெங்கல் என்ற ஜெர்மானியப் பொறியாளர் வளையத்தின் அடியை அகலமாகவும் உச்சியைக் குறுகலாகவும் வடிவமைத்தார். வேகம் அதிகமான அடிப்பகுதியில் மெல்லிய வளைவு, வேகம் குறைந்துபோன உச்சியில் இறுக்கமான வளைவு. இருக்கையில் அழுந்திய முதுகு இந்தப் பாடத்தை முதலில் படிக்கிறது, மூளை அப்புறம் படிக்கிறது.

ஆனால் உயிரியல், சுற்றுச்சூழல், வரலாறு எல்லாம் அவ்வளவு சுலபமாக ராட்டினத்தில் ஏறுவதில்லை. பூங்கா நடத்துபவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

ஏன் இது இவ்வளவு கஷ்டம்

கொஞ்சம் கணக்குப் போடுவோம். ஒரு சவாரியில் வண்டிக்கு 20 பேர், 30 விநாடிக்கு ஒரு வண்டி கிளம்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 2,400 பேர் ஏறலாம். இப்போது ஒவ்வொரு வண்டி கிளம்பும் முன்பும் வழிகாட்டி ஒருவர் ஒரே ஒரு நிமிடம் எதையாவது விளக்கட்டும் என்று முடிவு செய்தால், 90 விநாடிக்கு ஒரு வண்டி, மணிக்கு 800 பேர். வரிசை மூன்று மடங்கு நீளும். பள்ளி விடுமுறையில் ஒன்றரை மணி நேரம் வெயிலில் நின்ற குடும்பம் இதை மன்னிக்காது. அதனால்தான் விளக்கத்தைச் சவாரிக்குள் வைக்காமல் முன்னறையில் படமாகவோ, வரிசை ஓரத்தில் பலகையாகவோ தள்ளிவிடுகிறார்கள். பாடமும் விளையாட்டும் முதலில் பிரிவது இந்த இடத்தில்தான். யாருடைய கெட்ட எண்ணமும் இதற்குக் காரணமில்லை, கூட்டம்தான் காரணம்.

கேஎல்சிசியில் 2005ல் திறந்த அக்குவாரியாவின் கண்ணாடிச் சுரங்கம் 90 மீட்டர் நீளம், தலைக்கு மேல் சுறாக்கள் போகும், காலுக்குக் கீழே தளமே நகர்ந்து உங்களைக் கொண்டுபோகும். கூட்டத்தை நகர்த்த அருமையான ஏற்பாடு. ஆனால் ஒரு திருக்கை வயிற்றைக் காட்டிக்கொண்டு கண்ணாடியில் வந்து ஒட்டும்போது, அதன் வாய் ஏன் அடியில் இருக்கிறது என்று பிள்ளை யோசிக்க ஆரம்பிப்பதற்குள் தளம் நகர்ந்துவிடும். இந்த மாதிரி இடத்தில் இரண்டாவது தடவை சுற்றி வருவது நல்லது.

அப்புறம் உடல் களைப்பு. பாஸ்டன் அருங்காட்சியகத்தில் பணிபுரிந்த பெஞ்சமின் கில்மன், குனிந்தும் எட்டியும் பொருள்களைப் பார்க்க ஒரு மனிதர் படும் பாட்டைப் புகைப்படம் எடுத்து 1916லேயே எழுதினார். பார்க்க வருபவர் மனதுக்கு முன்னால் முதுகும் காலும் சோர்ந்துவிடும் என்பது அதன் சாரம். நூறு வருடம் ஆகியும் பெரியவர்கள் கண்மட்டத்தில் பலகை மாட்டிவிட்டுப் பிள்ளைகள் படிப்பதில்லை என்று குறைபட்டுக்கொள்கிறோம்.

இன்னொன்று, பணம் யார் தருகிறார்கள் என்பது. ஃபுளோரிடாவில் டிஸ்னியின் எப்காட் பூங்கா 1982 அக்டோபர் 1ல் திறந்தபோது எரிசக்தியைப் பற்றி ஒரு பெரிய அரங்கம் இருந்தது. எக்ஸான் எண்ணெய் நிறுவனம் அதற்கு ஆதரவாளர். பார்வையாளர் உட்கார்ந்திருக்கும் இருக்கை வரிசைகளே திடீரென்று பிரிந்து வண்டிகளாக நகர்ந்து டைனோசர்கள் நடமாடும் காட்டுக்குள் போகும், கூரையில் சூரியத்தகடுகள். கேட்கவே ஆசையாக இருக்கிறது. ஆனால் டைனோசர் காலம் தாண்டியதும் எரிசக்தியைப் பற்றிய படம், உரை, மீண்டும் படம். 1996ல் நகைச்சுவைக் கதை ஒன்றைச் சேர்த்துப் புதுப்பித்தார்கள். கடைசியில் 2017ல் மூடி, அந்த இடத்தில் 2022ல் விண்வெளி ரோலர்கோஸ்டர் வந்துவிட்டது. என் கணிப்பு, அங்கே பிள்ளையின் வினை உட்கார்தல், பாடத்தின் வினை எரித்தல். ஒட்டவே இல்லை.

அதே எப்காட்டில் அதே நாள் திறந்த இன்னொன்று இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. மெதுவாகப் போகும் படகு. அது கடைசியில் உண்மையான பசுமைக்குடில்களுக்குள் நுழையும், மண்ணே இல்லாமல் வளரும் தக்காளி, தொங்கும் பூசணி, தொட்டிகளில் மீன். விளைந்ததில் ஒரு பகுதி அங்குள்ள உணவகங்களுக்குப் போகிறது. வேகம் இல்லை, டைனோசர் இல்லை, ஆனால் கண்ணெதிரே இருப்பது பொம்மை இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். பார்த்தல்தான் வினை, பார்க்க உண்மையான பொருள் இருக்கிறது.

எண்ணெய்க்குத் திரும்புவோம். நம் பெட்ரோசைன்ஸில் எண்ணெய்த் துளி போன்ற பெட்டியில் ஏறி இருட்டில் போகும் சவாரி எனக்கும் பிடிக்கும், என் மாணவர்களுக்கும் பிடிக்கும். அது நம் நாட்டு எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸின் மையம். அதனால் பெரிய பிள்ளைகளோடு போனால் ஒரு கேள்வியைக் கையில் எடுத்துச் செல்லுங்கள்: எண்ணெயை எடுக்கும் கதை இங்கே எவ்வளவு இருக்கிறது, எரித்தபிறகு நடக்கும் கதை எவ்வளவு இருக்கிறது? பதிலைப் பிள்ளைகளே எண்ணட்டும். ஓர் இடத்தைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை, ஒவ்வொரு கண்காட்சியையும் யாரோ ஒருவர் கட்டியிருக்கிறார் என்று பதினொரு வயதில் புரிவதே பெரிய கல்வி.

சுவாரசியம் கூடினால் பாடம் குறையுமா?

குறையலாம். ஹார்ப், மேயர் என்ற இரு ஆய்வாளர்கள் 1998ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று ஆசிரியர்களிடையே பிரபலம். மின்னல் எப்படி உருவாகிறது என்ற விளக்கத்தை ஒரு குழுவுக்கு அப்படியே கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்கு அதே விளக்கத்தோடு மின்னல் தாக்கியவர்களைப் பற்றிய சுவையான துணுக்குகளையும் சேர்த்துக் கொடுத்தார்கள். துணுக்குகளோடு படித்தவர்கள்தான் முக்கிய விளக்கத்தைக் குறைவாக நினைவில் வைத்திருந்தார்கள். துணுக்கு பொய் இல்லை, பாடத்தோடு தொடர்பும் உண்டு, ஆனால் அது மின்னல் உருவாகும் வழியில் இல்லை, அந்த வழிக்குப் பக்கத்தில் நின்று கையைத் தட்டிக் கூப்பிடுகிறது.

1998ல் திறந்த டிஸ்னியின் விலங்குப் பூங்காவில் திறந்த வண்டியில் போய் ஆப்பிரிக்க விலங்குகளைப் பார்க்கும் சவாரிக்குள் ஒரு கதை வைத்தார்கள்: வேட்டைக்காரர்கள் யானைக்குட்டியைப் பிடித்துவிட்டார்கள், நாம் துரத்திப்போய் மீட்கிறோம். வனவிலங்குப் பாதுகாப்பைச் சொல்லும் நல்ல எண்ணம்தான். பிற்காலத்தில் அந்தத் துரத்தலை எடுத்துவிட்டார்கள். கொஞ்சம் யோசித்தால் காரணம் புரியும். உண்மையான ஒட்டகச்சிவிங்கி பத்தடி தூரத்தில் இலை மென்றுகொண்டிருக்கும்போது வண்டி எதையோ துரத்தி ஓடினால், எதைப் பார்ப்பது?

சிரிக்கக் கூடாத இடம்

இப்போது எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் பகுதி. 1993ல் டிஸ்னி நிறுவனம் அமெரிக்க வரலாற்றுக்கென்று வர்ஜீனியாவில் ஒரு பூங்கா கட்டப்போவதாக அறிவித்தது. உள்நாட்டுப் போர் நடந்த களங்களுக்குப் பக்கத்தில். வரலாற்றாசிரியர்கள் கொதித்தெழுந்தார்கள், அடிமை முறையை எப்படிக் காட்டுவீர்கள், அதைச் சவாரியாக்குவீர்களா என்று கேட்டார்கள். 1994 செப்டம்பரில் திட்டம் கைவிடப்பட்டது.

இதை எங்கோ நடந்தது என்று விட்டுவிட முடியவில்லை. நம் ஊரில் ஒருநாள் யாராவது ரப்பர் தோட்ட வாழ்க்கையைப் பற்றி ஒரு பூங்கா கட்டினால்? 1993ல் திறந்த சன்வே லகூன் பழைய ஈயச் சுரங்கமும் கல்லுடைக்கும் குவாரியும் இருந்த பள்ளத்தில் எழுந்தது. நம் தாத்தாக்கள் காலத்து மலாயாவின் ஈயக்குட்டைகள் எத்தனையோ இன்று ஏரி, பூங்கா, பேரங்காடி. தோட்டங்களும் அப்படித்தான் குடியிருப்புகளாகிவிட்டன. அந்த வாழ்க்கையை என் மாணவர்களுக்குக் காட்ட ஓர் இடம் வந்தால் முதல் ஆளாகப் போவேன். ஆனால் அதில் எது விளையாட்டாகலாம், எது ஆகக் கூடாது?

ரப்பர் மரத்தில் பால் வெட்டுதல் விளையாட்டாகலாம், மனதாரச் சொல்கிறேன். அது அவ்வளவு நுட்பமான கைவேலை. இடது மேலிருந்து வலது கீழாகச் சரிவாகப் பட்டையைச் சீவ வேண்டும், பால் குழாய்கள் மரத்தில் லேசாகத் திருகிப் போவதால் அந்தச் சரிவில் வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். ஆழம் கூடினால் மரம் காயப்பட்டுப் பட்டை ஒழுங்காக வளராது, குறைந்தால் பால் வராது. பிள்ளை கையில் மழுங்கிய உளியும் செயற்கைப் பட்டையும் கொடுத்து, உள்மரத்தைத் தொடாமல் எத்தனை மில்லிமீட்டர் சீவ முடிகிறது என்று பார்க்கலாம். தொட்டால் விளக்கு எரியட்டும். நிச்சயம் பத்துத் தடவை முயற்சி செய்வார்கள். நம் பாட்டிமார் நாள்தோறும், நூற்றுக்கணக்கான மரங்களில், இதைச் செய்தார்கள் என்று அப்போது சொன்னால் அந்தப் பிள்ளையின் கைக்கே அது புரியும்.

இருட்டையும் பயன்படுத்தலாம். விடியுமுன் குளிர்ச்சியில் மரத்துக்குள் அழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் குறைந்துவிடும். அதனால்தான் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, இருட்டிலேயே போனார்கள். தலைவிளக்கு வெளிச்சத்தில் வரிசை வரிசையான மரங்களுக்கு நடுவே நடந்து மங்கு என்ற பால் கிண்ணத்தைத் தேடுவது பிள்ளைகளுக்குச் சாகசம்தான். பாலில் அமிலம் ஊற்றி உறைவதைப் பார்ப்பதும், உருளையைச் சுற்றித் தகடாக்குவதும், ஒட்டுப்பாலை இழுத்துப் பார்ப்பதும் அப்படியே. 1877ல் சில கன்றுகள் கோலகங்சாரில் நடப்பட்டதையும், அவற்றில் ஒன்று இன்னும் நிற்பதையும் இந்த இடத்தில் சொல்லலாம்.

கப்பல் பயணம்? எந்த வடிவமைப்பாளருக்கும் முதலில் தோன்றுவது ஆடும் கப்பல்தான். இருக்கைகள் குலுங்கும், திரையில் அலை எழும், முகத்தில் தண்ணீர் தெறிக்கும், பிள்ளைகள் கூச்சலிட்டுச் சிரிப்பார்கள். நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் பினாங்குக்கு வந்த ரஜூலா கப்பலின் தளத்தில் மூட்டையோடு மூட்டையாகப் படுத்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அந்த அலையில் வாந்தியெடுத்தவர்களின் வேதனையை ஒரு சிரிப்புச் சவாரியாக்க எனக்குச் சம்மதமில்லை. அங்கே வினைச்சொல் சோதனையே எதிராகத் திரும்பும்: ஆடுதல் இரண்டிலும் உண்டு, ஆனால் ஒருவருக்கு அது பயம், மற்றவருக்கு இரண்டு நிமிட இன்பம். உடம்பு தவறான பாடத்தைக் கற்றுக்கொண்டு வரும். கங்காணியின் அதட்டல், லயத்து வரிசைவீடுகளில் மலேரியாவால் இறந்த குழந்தைகள், ஜப்பானியர் காலத்தில் சயாம் ரயில் பாதை போடப் போய்த் திரும்பாதவர்கள், இவற்றுக்கெல்லாம் ஓர் அமைதியான அறை போதும். ஒரு பெஞ்சு, ஒரு குரல், ஒரு தகரப்பெட்டி. சவாரிகளுக்கு நடுவே அப்படி ஓர் அறையைக் கட்டும் துணிச்சல் பூங்காக்காரருக்கு இருக்க வேண்டும், அந்த அறையில் பிள்ளைகளை அவசரப்படுத்தாத பொறுமை நமக்கு இருக்க வேண்டும்.

நம் பங்கு

பூங்கா எப்படி இருந்தாலும், கூட்டிப்போகும் நாம் அதைக் கெடுக்கவும் முடியும், காப்பாற்றவும் முடியும். நான் கெடுத்திருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் தெலுக் பஹாங்கில் பட்டாம்பூச்சிகளைப் பார்க்கப் போனபோது, பெற்றோர் கேட்ட அந்தக் கேள்விக்குப் பதிலாக ஒவ்வொரு பிள்ளை கையிலும் இருபது கேள்விகள் கொண்ட தாளைக் கொடுத்தேன். உள்ளே நுழைந்ததும் எல்லோரும் பலகைகளைத் தேடி ஓடினார்கள். ஒரு மாணவியின் சட்டைக் கையில் பெரிய வெள்ளைப் பட்டாம்பூச்சி ஒன்று, கறுப்புக் கோடுகளோடு, காகிதம் காற்றில் மிதப்பது போல வந்து உட்கார்ந்தது. அவள் கையை உதறி அதை விரட்டிவிட்டு ஏழாவது கேள்விக்குப் பதில் எழுதினாள். பட்டாம்பூச்சிக்கு எத்தனை கால்கள்? ஆறு.

அடுத்த முறை தாள் கொடுக்கவில்லை. ஆளுக்கு ஒரு பூச்சியைத் தேர்ந்தெடுத்து, பத்து நிமிடம் அதை விட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பலகையெல்லாம் அப்புறம். முதல் மூன்று நிமிடம் நெளிந்தார்கள். அதன்பிறகு தோட்டமே அமைதியானது. ஒருவன் பட்டாம்பூச்சி தன் உறிஞ்சுகுழலைக் கடிகாரச் சுருள் மாதிரி சுருட்டி வைப்பதைக் கண்டுபிடித்தான். இன்னொருத்தி குச்சிப்பூச்சி காற்றடிக்கும்போது மட்டும் ஆடுகிறது என்றாள். கடைசியாக ஒரு பையன் ஓடிவந்தான். அவன் பார்த்ததும் அதே வெள்ளை இனம்தான்.

"டீச்சர், இதுக்கு நாலு கால்தான்."

ஆறு என்றேன்.

"எண்ணிட்டேன் டீச்சர். மூணு தடவை. நீங்களே வந்து பாருங்க."

போய்க் குனிந்து பார்த்தேன். நாலு கால்களில்தான் நின்றுகொண்டிருந்தது. இந்தக் குடும்பத்துப் பட்டாம்பூச்சிகளுக்கு முன்னங்கால் இரண்டும் குறுகி, நெஞ்சோடு ஒட்டி மடங்கியிருக்கும், நடக்கப் பயன்படாது. பெண்பூச்சி முட்டையிட இலை தேடும்போது அந்தக் குட்டைக் கால்களால் இலையைத் தட்டி, இது தன் புழுவுக்கு ஏற்ற செடிதானா என்று சுவை பார்க்கும். இதை எனக்கு அன்று மாலை படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. மறுநாள் வகுப்பில் அவனையே முன்னால் அழைத்து, மடங்கியிருக்கும் அந்த இரண்டு கால்களைப் பலகையில் வரையச் சொன்னேன்.